இடத்தை அடைக்காத ஒன்று

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது தெரியும். போன வாரம்தான் உங்கள் குரலைக் கேட்டேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஸ்மார்ட்போனோடு வைத்துக்கொள்ள ஒரு ஹெட்போன் வாங்க வேண்டும். எனக்கு இல்லை, பாப்பாவுக்கு. தைக்கும்போது அவளுக்கு இரண்டு கையும் துணியில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டதும் போனை மெஷின் மேல் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். நீங்கள் அங்கே தும்மினால் வீட்டு மாடிப்படி வரைக்கும் கேட்கிறது. புருஷன் பெண்டாட்டி பேச்சு யார் யார் காதிலோ விழுவது நன்றாக இல்லை. விழுந்த பிறகு காதைக் கழுவவும் முடியாது.

இந்தச் சாமான்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர் நீங்கள். வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் ஹெட்போன்களைச் சோதிப்பதுதானே உங்கள் வேலை. அதனால் எது நல்லது என்று எழுதுங்கள். லேசாக இருக்க வேண்டும். கைப்பையில் மடித்துப் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். முக்கியமாக, இடத்தை அடைக்கக் கூடாது, தலைவலி கொடுக்கக் கூடாது. என் கையால் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

போனில் கேட்காமல் இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது, அவ்வளவுதான்.

உறையின் பின்னால் உள்ள முகவரி என் பழைய கூட்டாளியுடையது. முப்பது வருடம் இரண்டு பேரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்து அவனைச் சோடாபுட்டி என்று கூப்பிட ஆரம்பித்தோம், அறுபத்து நாலு வயதிலும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. சும்மா நாலு நாள் மாற்றத்துக்கு என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு அவன் அறைக்கு வந்திருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா


ஜூன் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தில் உறை வந்தது. யாருக்கு என்னவோ என்று பதறிப் பிரித்தால், உள்ளே ஹெட்போன்! இதைப் போனிலேயே பேசிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. சரி, நானும் பேனாவை எடுக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது பெட்டி வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏன் திருப்பினார்கள் என்று ஒரு சீட்டு இருக்கும். நீங்கள் நம்ப மாட்டீர்கள், பாதிக்கு மேல் கெட்டுப்போனதே இல்லை. 'காது வலிக்கிறது.' 'கனமாக இருக்கிறது.' 'கண்ணாடி போட்டால் அழுத்துகிறது.' நல்ல பொருள்தான், தப்பான தலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் பொருளைப் பார்க்கிறதுக்கு முன்னால் தலையைப் பார்க்க வேண்டும் மாமா.

அவள் குனிந்தே வேலை செய்கிறவள். காதுக்குள் செருகுகிற வகை குனிந்தால் விழுந்துவிடும், அப்புறம் ஊசி டப்பாவுக்குள் தேட வேண்டியதுதான். காதை முழுசாக மூடுகிற வகையும் வேண்டாம். வாசல் மணி கேட்காது, துணி கொடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒயர் வைத்தது லேசு, சார்ஜ் போடுகிற தொல்லையும் இல்லை. ஆனால் மெஷின் சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவிர அவள் போனில் ஒயர் செருகுகிற வட்ட ஓட்டை இருக்கிறதா என்று தெரியவில்லை, இப்போது பல போன்களில் அதை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், காதின் மேல் சும்மா உட்கார்ந்துகொள்கிற, மெல்லிய பஞ்சு வைத்த, ஒயர் இல்லாத, மடிகிற வகை. நூறு கிராமை ஒட்டி இருந்தால் தலையில் இருப்பதே தெரியாது. ஒரே குறை, கொஞ்சம் சத்தம் வெளியே கசியும். ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும்.

ஏற்கெனவே ஒரு தடவை நானே அனுப்பிச் சரிப்படவில்லை. அந்தக் கூத்தை அப்புறம் சொல்கிறேன், பணிநேர மணி அடித்துவிட்டது.

நீங்கள் மாற்றத்துக்குப் போனது ரொம்ப நல்லது. அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம், நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் மெஷினை உங்கள் கட்டில் இருந்த சன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாளாம். இப்போதுதான் இடம் தாராளமாக இருக்கிறது என்கிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூன் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நிதானமாக இருக்கச் சொன்னதற்கு நன்றி. இடம் தாராளமானது பற்றியும் சந்தோஷம்.

சோடாபுட்டியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் நாங்கள் கையெழுத்துப் போட்டதில்லை, ஹெட்போனுக்கு மட்டும் போட்டுவிடுவோமா? ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டி, தைக்கிறவள் மாதிரி உட்கார்ந்து முப்பது தடவை குனிந்து நிமிர்ந்தேன். கடைப்பெண் ஓடி வந்து, "ஐயா, தலை சுத்துதா? தண்ணி தரட்டுமா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, ஹெட்போனுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிறான்" என்றான் இவன். அதற்கு அப்புறம் கடையில் பாதிப் பேர் எங்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

பாப்பா கண்ணாடி போடுகிறவள், அதனால் அழுத்துகிறதா என்ற சோதனையைச் சோடாபுட்டியின் தலையில் செய்தேன். அவன் கண்ணாடிக் கம்பி தாங்கினால் எவர் கண்ணாடியும் தாங்கும். பாப்பாவின் போனில் நீங்கள் சொன்ன வட்ட ஓட்டை கிடையாது, கீறாமல் இருக்கத் திரைக்கு மேல் காகிதம் ஒட்டிக் கொடுத்தபோது பார்த்திருக்கிறேன். ஆக ஒயர் இல்லாததுதான். கடைசியில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று எண்பத்தெட்டு கிராம், மடிக்கிற கீல் பிளாஸ்டிக். இன்னொன்று இருபது கிராம் கூட, ஆனால் கீல் உலோகம். என் தொழில் புத்தி கீலைப் பார்க்கச் சொல்கிறது. பாப்பாவின் கழுத்து எடையைப் பார்க்கச் சொல்கிறது. நீங்கள் முடிவு சொல்லுங்கள்.

சத்தம் கசிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒட்டி உட்கார அங்கே யாரும் இருக்கப்போவதில்லை. வேறொரு ஊரில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம், ஆறு லிஃப்ட். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள். தங்க அறையும் உண்டு. ஒப்பந்தம் இரண்டு வருடம், வருகிற முப்பதாம் தேதி கையெழுத்து. நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. பாப்பாவிடம் கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லிக்கொள்கிறேன். நிதானமாக இருக்கச் சொன்னீர்களே, இரண்டு வருடம் போதும்தானே?

மாமா


ஜூன் 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடியும் மூன்று தடவை கூப்பிட்டேன். மறுபடியும் எடுக்கவில்லை. எதற்கு மாமா திடீரென்று இந்த வயதில் இருபத்திரண்டு மாடி? ஓய்வு பெற்று வந்தபோது, இனிமேல் ஏணி ஏற மாட்டேன் என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டு வருடம் நீங்கள் இல்லாமல் அவள் தனியாக எப்படி இருப்பாள்? நான் வருவதே வருடத்துக்கு இரண்டு தடவை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நான் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? உங்கள் எழுத்து இனிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிக்கு வரி எதுவோ குத்துகிறது. எது என்று எனக்குப் பிடிபடவில்லை. தப்பிருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஹெட்போனுக்கு உலோகக் கீலே வாங்குங்கள். பிளாஸ்டிக் கீல் உடைந்து வருகிற பெட்டிகளை வைத்தே நான் ஒரு வீடு கட்டலாம். இருபது கிராம் அவள் கழுத்துக்கு ஒன்றும் செய்யாது. முந்நூற்று நாற்பது கிராமையே ஒருவாரம் சுமந்தவள்.

அந்தக் கூத்தைச் சொல்கிறேன் என்றேனே, இதுதான். மே மாதம் நானே அவளுக்கு இரண்டு ஹெட்போன் அனுப்பினேன். ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடு என்றேன். சிறிசு காதில் நிற்கவில்லை, வந்த மறுநாளே திரும்பிப் போய்விட்டது. பெரிசு இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு குனிந்தால் நெற்றிக்கு வந்துவிடுகிறது, கழற்றினால் தலைவலி. பெட்டியும் அரை அலமாரி. "அந்தப் பெரிசை எப்பத்தான் அனுப்பப் போறே?" என்று போனில் கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. நாள் தாண்டினால் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதோ அனுப்புகிறேன், அதோ அனுப்புகிறேன் என்று தாண்டவும் விட்டுவிட்டாள். அது இன்னும் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பதில் சீக்கிரம் எழுதுங்கள். தயவுசெய்து கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். என் கண் மேல் நம்பிக்கை வராமல் சோடாபுட்டியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவனுக்கு விஷயம் முழுக்கத் தெரியும் என்பதால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்து, அதைத் தேடித் தருகிற வேலையும் எனக்கு வந்தது.

உங்களுக்குத் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும், எழுதுகிறேன்.

மே இருபத்தேழு, மத்தியானம். பாப்பாவின் மெஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று எண்ணெய்க் குப்பியோடு அவள் அறைக்குப் போனேன். கதவைத் தள்ளப் போகிறேன், உள்ளே ஸ்பீக்கரில் உங்கள் குரல். "அந்தப் பெரிசை எப்பத்தான் அனுப்பப் போறே? இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. தலைவலிதான் மிச்சம். இன்னும் நாள் தள்ளினா அப்புறம் யாரும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க." அதற்கு என் மகள், "சரிங்க, இந்த வாரம் எப்படியாவது அனுப்பிடறேன்."

எப்படியாவது என்றாளே, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை எண்ணெய் விடாமலே வந்துவிட்டேன்.

அறுபது தாண்டியவனுக்கு வெளியில் இருக்கிற ஒரே பெயர் அதுதானே. பஸ்ஸில் ஏறினால், "பெரிசு, கொஞ்சம் உள்ளே போ." கடைக்குப் போனால், "பெரிசுக்கு என்ன வேணும் பாரு." நானும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். அன்றைக்கும் திரும்பிப் பார்த்துவிட்டேன். அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன், நூல்கண்டு என்று நினைத்தேன். என்னை அனுப்புகிற பாவத்தை அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று மறுநாள் நானே பெட்டி கட்டிவிட்டேன்.

போன இரண்டு கடிதத்திலும் உங்களைக் குத்திக் குத்தி எழுதினேன். உங்கள் வார்த்தைகளையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் பாவம், அதற்கும் கிராம் கணக்குப் போட்டுப் பதில் எழுதினீர்கள். மன்னித்துவிடுங்கள். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் சோடாபுட்டி சிரித்த மாதிரி என்னால் சிரிக்க முடியவில்லை. அது ஹெட்போன், சரி. பெரிசு என்றதும் அது நான்தான் என்று எனக்கு ஒரு நொடியில் தோன்றியதே, அது எதனால்? இருக்கலாமோ கூடாதோ என்ற கேள்வி, உங்கள் வீட்டுக்கு வந்த இந்த மூன்று வருடமாக எனக்குள் இருந்திருக்கிறது. உங்கள் குரலில் பதில் கேட்டதும் டக்கென்று நம்பிவிட்டேன்.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நான் அந்த வீட்டில் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா? போனில் கேட்டால், "ஐயோ மாமா, என்ன பேச்சு இது" என்று நீங்கள் மரியாதைக்குச் சொல்வீர்கள், நானும் மரியாதைக்கு நம்புவேன். எழுதுங்கள். உங்கள் பதில் முப்பதுக்குள் வந்தால் அதன்படி செய்கிறேன். வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், உங்கள் மேல் ஒரு வருத்தமும் இருக்காது.

மாமா


ஜூன் 25

மாமா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எண்ணெய்க் குப்பியோடு நீங்கள் கதவுக்கு வெளியே நின்றதை நினைத்துவிட்டேன். விடுப்புச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சத்தியமாக அது ஹெட்போன்தான். இடம் தாராளம் என்று எழுதியதும் மெஷினுக்கு வெளிச்சம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் சொன்னது. அதை உங்களுக்கு எழுதிய என் புத்தியை என்ன சொல்ல. ஆனால் நீங்கள் கேட்டது இதை இல்லை. நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன், மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு.

நீங்கள் வந்த முதல் வருடம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. லீவு பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் கூடத்தில் நீங்கள். அவளோடு நிம்மதியாக ஒரு சண்டை போட முடியாது. விடியற்காலையில் செய்தியை அவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள். வீட்டில் இருக்கிற அத்தனை கதவுக்கும் எண்ணெய் விட்டு விட்டு, நீங்கள் வருவதும் போவதும் யாருக்கும் கேட்பதில்லை, திரும்பினால் பின்னால் நிற்கிறீர்கள். இதெல்லாம் எனக்கு உங்கள் மேல் இருக்கிற குறை. போய்விட்டால் தேவலை என்று நினைத்தேனா? முதல் வருடம் இரண்டொரு தடவை நினைத்தேன். அதற்கப்புறம் நினைக்கவில்லை.

ஆனால் மாமா, இருக்கட்டும் என்றும் நான் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்வோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நாங்கள் உங்களைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் உங்களிடம் கேட்டதெல்லாம் "சாப்டீங்களா மாமா", "உடம்பு எப்படி மாமா", இரண்டே கேள்வி. இந்த ஒரு மாதத்தில் ஹெட்போனைப் பற்றி எழுதியதுதான் நாம் பேசிய பேச்சிலேயே அதிகம். உங்கள் கடிதம் வரும் என்று தபால் அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது மேசைக்குப் போகிறேன். குத்திய கடிதங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சம்மதமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது குடிவருகிறவர் கேட்கிற கேள்வி, நீங்கள் கேட்க வேண்டாம். நான்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். எங்களோடு இருக்க உங்களுக்குச் சம்மதமா மாமா? இருங்க. எங்கள் மேல் கோபம் வந்தால் திட்டுங்க. பெட்டியை மட்டும் கட்டாதீங்க.

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

மாப்பிள்ளை


ஜூலை 4

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதி வந்தது. நீங்கள் நீங்கள் என்று எழுதி என் கை ஓய்ந்துவிட்டது, இனிமேல் நீதான். திட்டச் சொல்லியிருக்கிறாய், அதற்கும் இதுதான் வசதி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை வாங்க வந்த மேனேஜர், "என்ன பெரியவரே, கடைசி நேரத்துல?" என்றார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். முப்பதாம் தேதி சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கினேன். பாப்பா கதவைத் திறந்து, "நாலு நாள்னு சொல்லிட்டு ஒரு மாசமா? போன் எடுக்கிறதில்ல, ஒண்ணுமில்ல" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். என் கட்டிலைப் பழையபடி சன்னலுக்கே இழுத்துப் போட்டாள். வெளிச்சம் மெஷினுக்கு வேண்டும், நீ விடு என்று நான் தடுத்ததற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது. கடைசியில் சன்னலில் பாதி எனக்கு, பாதி மெஷினுக்கு.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். தையலை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உள்ளே வந்து கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது போதும், ஆனால் நீ அவளிடம் இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே.

இப்போது உன் குறைகளுக்கு வருகிறேன். செய்தி சத்தமாகத்தான் வைப்பேன், எனக்குப் பாதிதான் கேட்கிறது. கதவுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்த மாட்டேன், வேண்டுமானால் வரும்போது இருமிக்கொண்டு வருகிறேன். லீவில் வந்தால் தாராளமாகச் சண்டை போடுங்கள், நான் சோடாபுட்டி அறைக்குப் போய்விட்டு மறுநாள் வருகிறேன். உன் மேலும் எனக்குக் குறை உண்டு. வந்த அன்றே ஊருக்குத் திரும்புகிற நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாய். சாப்பிடும்போது போனைப் பார்க்கிறாய். மூன்று வருடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், சொல்லிவிட்டேன்.

ஹெட்போன் கொடுத்தாயிற்று. உலோகக் கீல், நூற்றெட்டு கிராம். குனிந்தாலும் நகரவில்லை, கண்ணாடியிலும் இடிக்கவில்லை.

நேற்று ராத்திரி நீ கூப்பிட்டபோது நான் இந்தப் பக்கம் கட்டிலில் இருந்தேன். அதை மாட்டிக்கொண்டு அவள் தைத்துக்கொண்டே பேசினாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது. "ஆமாங்க." "இல்லங்க, இன்னும் தூங்கல." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும் உன்னிடம் ஏதோ சொல்லி, மறுபடியும் என்னைப் பார்த்தாள். என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள், நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மாமா